எல்லாத்துக்கும் ஆமாம் சொன்ன கெடா

ஏண்டி, உங்களுக்கெல்லாம் வேற வேலயே இல்லியா? மூட்டு வலிக்கு மாத்தர போட்டமா, பேரப் புள்ளைங்களத் திட்டினமா, சீரியல் பாத்தமான்னு இருக்க வேண்டிய வயசுல, நான் எதுக்குச் சிரிச்சேன்னு தெரிஞ்சாகணுமாம். கறிக்கடை வாசல்ல கட்டி வெச்சிருந்த ஆடு ஒடம்பத் துலுக்கிச்சு, நான் சிரிச்சேன். சிரிக்கறதுக்கு ஆதார் கார்டா காட்டணும்?

சரி, சேரெல்லாம் இப்பிடி இஸ்து போடுங்க. பார்க்கிங்ல கார் வந்தா எல்லாரும் எழுந்துக்கணும், நான் மட்டும் எழுந்துக்க மாட்டேன், முட்டி ஆபரேசன். நடுவுல எவளாவது "ஐயோ பாவம்"னு உச்சு கொட்டுனீங்கன்னா அதோட நிறுத்திடுவேன். இது பாவப்பட்ட கத இல்ல.

நான் அப்ப மூணாங் கிளாசு. நாலாங் கிளாசுக்கு நானும் போகல, அதுவும் என்னக் கூப்புடல. இதே பெங்களூரு நீலசந்திராதான். இந்த அபார்ட்மென்ட் நிக்கற எடத்துல அப்ப ஷீட்டு போட்ட வூடுங்க வரிசையா இருக்கும். தெருவுக்கே ஒரு கொழாய். எங்கப்பாவுக்குக் கொத்து வேல. அதுக்கு முந்தின வருசம் ஒருநா சாரத்துல இருந்து வுழுந்தாரு. கீழ மணல் குமிச்சு வெச்சிருந்தாங்க. அது மேல வுழுந்து, எழுந்து, தூசி தட்டிகினு, பீடி இருக்குதான்னு கேட்டாராம். காப்பாத்துனது மணலு, பேரு வாங்குனது மாரியாத்தா.

எங்கத்தை, அப்பாவுக்கு மூத்தது, தாயில்லாத தம்பிய இடுப்புல சொமந்து வளத்தது. புருசன் போனப்புறம் எங்க வூட்லதான் இருந்துச்சு. "எந் தம்பியத் திருப்பிக் குடுத்துட்ட தாயே, உனக்கு ஒரு கெடா"ன்னு நேந்துகிச்சு. கொஞ்ச நாள்ல ஒரு செம்மறிக் குட்டி வந்து எங்க சுவரோரமா முளையில கட்டிகினு நின்னுது.

நேந்துவுட்ட கெடாவுக்கு சட்டம் ஜாஸ்தி. அது மேல கத்திரி படக் கூடாது. அடிக்கக் கூடாது. திட்டக் கூடாது. என்னத் திட்டலாம், கெடாவத் திட்டக் கூடாது. எனக்கு ஊத்துற கஞ்சியில தண்ணி நிக்கும், அதுக்கு ஊத்துற கஞ்சியில பருக்க நிக்கும். நான் அதும் பக்கத்துல குந்திகினு, அத்தை உள்ள போனதும் அந்தக் கஞ்சியில கைய வுடுவேன். கெடா ஒண்ணும் சொல்லாது. நல்ல மனசு.

கத்திரி படாம ஒரு வருசம் வளந்தா என்னாகும்? மயிரு மெத்தயாட்டம் ஆயிடுச்சு. அதுல மழ. நம்ம ஊரு மழ தெரியுமில்ல, வந்தும் வராம, நின்னும் நிக்காம, தூறிகினே இருக்கும். கெடா நனையும், காயாது. ஈரக் கம்பளியும் வேர்வயும் சேந்த நாத்தம் ஒண்ணு உண்டு, இப்பவும் யாராவது நனஞ்ச ஸ்வெட்டரோட லிப்டுல ஏறுனா எனக்கு மூணாங் கிளாசு வந்துடும்.

அப்புறம் அதுக்கு அரிப்பு ஆரம்பிச்சுது. மொதல்ல சுவத்துல ஒரசிச்சு. அப்புறம் கதவுல. அப்புறம் பக்கத்து வூட்டுத் தண்ணி டிரம்முல. தெரு பூராவும் அது ஒயரத்துக்கு வெள்ள வெள்ளயா மயிரு ஒட்டிகினு இருக்கும். நின்ன எடத்துல காலத் தட்டும். தலயத் திருப்பித் தன் வெலாவயே கடிக்கும். நிமிசத்துக்கு ஒருவாட்டி மூக்குல இருந்து வாலு வரைக்கும் ஒரு துலுக்கு துலுக்கும் பாருங்க, சலசலன்னு, கட்டியிருந்த மணியெல்லாம் ஆடும். முதுக நான் சொறிஞ்சு வுட்டா மூஞ்சத் தூக்கி, ஒதட்ட "மொச்சு மொச்சு"ன்னு அசைக்கும்.

உங்களுக்குத் தெரியாததா, வெட்டறதுக்கு முன்னால மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. கெடா துலுக்குனா ஆத்தா ஒத்துகினான்னு அர்த்தம். துலுக்கலன்னா வெட்ட மாட்டாங்க. இது தண்ணியே ஊத்தாம நாள் பூரா துலுக்குது. எங்கத்தைக்கு வேற என்ன வேணும்?

ஒருநா அத்தை பூ கட்டிகினே, "இந்த ஆடிக்கு மல்லி வெல ஏறுமா"ன்னு தானாப் பேசிச்சு. அத்தைக்குப் பூ வியாபாரம். கெடா ஒரு துலுக்கு. மறுநா வெல ஏறிச்சு. ஆடி நெருங்குனா மல்லி வெல ஏறாம பின்ன எறங்குமா? ஆனா அத்தை வாசல்ல வுழுந்து கும்பிட்டுச்சு. "ஒதட்ட அசைக்குது பாரு, ஆத்தா பேசறா!"

அவ்ளோதான். தெருவே வந்து கேள்வி கேக்க ஆரம்பிச்சுது. பக்கத்து வூட்டம்மா, "எம் மவனுக்கு வேல கெடைக்குமா?" துலுக்கு. ஆமாம். எதிர் வூட்டுக் கெழவரு, "எனக்கு இன்னும் ஆயுசு இருக்குதா?" துலுக்கு. ஆமாம். அவரு மருமவ மூஞ்ச அப்பப் பாக்கணுமே நீங்க. சர்ச்சுக்குப் போற டீச்சரம்மா கூட ஒரு சாயங்காலம் பைபிளக் கக்கத்துல வெச்சிகினு வந்து, "நான் நம்பல, சும்மாதான்"னு சொல்லிட்டு, டிரான்ஸ்பர் வருமான்னு கேட்டாங்க. அவங்களுக்கும் ஆமாம். எங்க கெடாவுக்கு சாதி மதம் கெடையாது, அரிப்புதான்.

நானும் கேட்டேன். "நாளைக்கு ஸ்கூலு லீவா?" துலுக்கிச்சு. நான் போகல. டீச்சரு வெளுத்த வெளுப்புல அன்னைக்கே எனக்கு நம்பிக்க போயிடுச்சு. பெரியவங்களுக்குத்தான் போகல.

இது வரைக்கும் சிரிப்பு. இதுக்கப்புறம் அத்தை மவன் வரான்.

அத்தை மவனுக்கு முப்பது தாண்டிச்சு. லாரியில போறவன். கட்டுன பொண்டாட்டிய, புள்ள இல்லன்னு சொல்லி கோலாருக்கு அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டான். வந்தா எங்க வாசல்லதான் நிப்பான், கெடா ஒரசுற அதே சுவத்துல சாஞ்சு முதுகத் தேச்சிகினு. ரெண்டுக்கும் ஒரே சுவரு. அவனுக்கு எங்கக்காவக் கேட்டுச்சு அத்தை. எங்கக்கா அப்ப பத்தாவது. தெருவுல பத்தாவது வரைக்கும் போன மொத பொம்பளப் புள்ள அதுதான்.

"மொற இருக்குது, உரிம இருக்குது. நான் வளத்த தம்பி, நான் கேட்டா இல்லன்னு சொல்லுவானா?"ன்னுச்சு அத்தை.

அப்பாவுக்கு அக்காள எதுத்துப் பேச வாய் வராது. பொண்ணத் தூக்கிக் குடுக்க மனசும் வராது. பீடியப் பத்த வெச்சாரு, அணைச்சாரு. கடைசியில, "ஆடித் திருவிழா வருதில்லக்கா. கெடாவயே கேட்டுடலாம். ஆத்தா சொல்றபடி ஆகட்டும்"னாரு. என்னமோ பெரிய நாயம் சொல்லிட்ட மாதிரி தோளத் துண்டால தட்டிகினாரு. அந்தக் கெடா இது வரைக்கும் இல்லன்னு சொன்னதே இல்லன்னு தெருவுக்கே தெரியும். அப்பாவுக்குத் தெரியலன்னு அப்ப நெனச்சேன். இப்பத் தோணுது, தெரிஞ்சேதான் சொன்னாரு. பழி ஆட்டு மேல போவட்டும்னு. ஆம்பளைங்களுக்கு ஒரு ஆடு கெடச்சாப் போதும்.

அத்தைக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும்னு இப்பத் தோணுது. தன்ன நல்லது கெட்டதுக்குப் பாக்க நம்ம வூட்டுப் பொண்ணே மருமவளா வரட்டும்னு. வரட்டும், யாரு வேணாம்னா? எங்கக்கா வேணாம்னுச்சு. அது ஒருத்தர் காதுலயும் வுழல.

ஒரு ஞாயித்துக்கெழம எங்கம்மா என்னக் கால் நடுவுல இடுக்கிகினு பேன் பாத்துச்சு. ரெண்டு பக்கமும் பல்லு வெச்ச மரச் சீப்பு, கருகருன்னு எண்ண ஏறி வழவழன்னு இருக்கும். அது எங்க போச்சுன்னே தெரியல. என் தலயச் சொரண்டுற சத்தமும் கெடா சுவத்தச் சொரண்டுற சத்தமும் ஒரே மாதிரி இருந்துச்சு. நான் கேட்டேன், "ஏம்மா, எனக்கு அரிச்சா பேனு, கெடாவுக்கு அரிச்சா ஆத்தாளா?"

சீப்பு நின்னுடுச்சு. என் மண்டயில ஒரு குட்டு வுழும்னு கண்ண மூடிகினேன். வுழல. அம்மா எழுந்து போயி, கெடா முதுகுல மயிர ரெண்டா வகுந்து பாத்துச்சு. மேல பாத்தாத்தான் மெத்த. உள்ள தோலு செவந்து, மஞ்சளா பொறுக்கு கட்டி, கசிஞ்சுகினு இருந்துச்சு. ஒரு கொத்து மயிரு கையோட வந்துடுச்சு. அம்மா அதத் தீப்பெட்டியில போட்டு எங் கையில குடுத்துச்சு. "ஸ்கூலுக்குப் போற வழியில மாட்டாஸ்பத்திரி இருக்குதில்ல, காட்டு. வூட்ல மூச்சு வுட்ட, தோல உரிச்சுடுவேன்."

மாட்டாஸ்பத்திரி கம்பௌண்டரு கன்னடக்காரரு. எப்பப் பாத்தாலும் வெத்தல. தீப்பெட்டியத் தொறந்து, ஒரு கருப்புக் காயிதத்து மேல கொட்டி, வட்டக் கண்ணாடியால பாத்தாரு. "கஜ்ஜி கணம்மா"ன்னாரு. சொறின்னு அர்த்தம். எனக்கும் காட்டுனாரு. தூசி மாதிரி இருந்துச்சு. தூசிக்குக் காலு இருந்துச்சு. நடந்துச்சு. நான் காயிதத்தத் தட்டி வுட்டுட்டேன், அவரு மடியில வுழுந்துடுச்சு. பாவம், அன்னைக்குப் பூரா அவரு சொறிஞ்சிருப்பாரு.

மறுநா அம்மாவே போச்சு. மயிர ஒட்டக் கத்திரிச்சுட்டு மருந்துத் தண்ணியில முக்குங்கன்னாரு கம்பௌண்டரு.

"கத்திரி படக் கூடாதுங்க. நேந்துவுட்டது."

அவரு அம்மாவயும் பாத்தாரு, என்னயும் பாத்தாரு. வெத்தலயத் துப்பிட்டு வந்து, அந்த மருந்து தோல்ல படணும், மயிருக்கு ஊத்துனா வீண்னு சொல்லி, ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டிலக் குடுத்தாரு. தண்ணியில வுட்டா பால் மாதிரி ஆயிடும். கைய நல்லாக் கழுவு, ஆட்ட நக்க வுடாத, ஒரு வாட்டி போட்டா பூச்சி சாவும், முட்ட சாவாது, ஒரு வாரம் பத்து நாள் வுட்டுத் திரும்பப் போடு, அது படுக்கற எடம், ஒரசுற எடம் எல்லாத்தயும் சுத்தம் பண்ணுன்னாரு. அம்மா எல்லாத்துக்கும் தலய ஆட்டுச்சு.

அத்தை விடியறதுக்கு முன்னால பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிடும். அது திரும்பி வரதுக்குள்ள வேல. அம்மா கெடாவ முட்டிக்கால் நடுவுல இடுக்கும், என்ன இடுக்குன மாதிரியேதான். நான் சீப்பால கழுத்துல இருந்து வாலு வரைக்கும் வகிடு எடுப்பேன். அக்கா துணிய நனச்சு அந்த வகிட்டுல தேச்சுகினே போவும். ஒரு வகிடு முடிஞ்சா விரல் அகலம் தள்ளி அடுத்த வகிடு. ரெட்ட ஜட போடாதது ஒண்ணுதான் பாக்கி.

நடுவுல அக்கா துணியப் பொத்துன்னு கீழ போட்டுச்சு. "ஏம்மா, நான் வேணாம்னு சொன்னாப் போதாதா? எனக்குக் கல்யாணம் வேணாம்னா ஆட்டுக்கு மருந்து போடணுமா?"

"உன்ன யாருடி கேட்டாங்க?"ன்னுச்சு அம்மா. "ஆட்டதான கேக்கறாங்க. அப்ப ஆட்டதான் சரி பண்ணணும். துணிய எடு."

அக்கா மூக்க உறிஞ்சுச்சு. எடுத்துச்சு. அதுக்கப்புறம் அது தேச்ச தேப்புல கெடா ரெண்டு வாட்டி கத்திடுச்சு.

மருந்து நாத்தம் பினாயில் மாதிரி. அத மறைக்க மேல வேப்பெண்ண பூசிச்சு அம்மா. அத்தை வந்ததும் மூக்கச் சுளிச்சுச்சு. "என்னாடி இது, கெடா மேல?"

"வேப்பெண்ண, அண்ணி. ஆத்தாளுக்கு உகந்தது. வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

வேப்பிலக்காரிக்கு வேப்பெண்ண வேணாம்னு எவ சொல்லுவா? அத்தை வாய மூடிகிச்சு.

மூணே நாள்ல துலுக்கறது கொறஞ்சுது. அஞ்சாறு நாள்ல நின்னே போச்சு. கேள்வி கேக்க வந்தவங்கள்லாம் நின்னு நின்னு பாத்துட்டுப் போனாங்க. "ஆத்தா மலையேறிட்டாளா?"ன்னு அத்தை கலங்கிச்சு. இங்கதான் எங்கம்மா ஒரு தப்பு பண்ணிச்சு. நல்லாயிடுச்சே, பின்ன எதுக்கு மருந்த வீணாக்கணும்னு ரெண்டாவது வாட்டிய தள்ளிப் போட்டுடுச்சு. அது படுக்கற கோணியயும் மாத்தல. நம்ம ஜனம் மாத்தர அட்டயில பாதி இருக்கும்போதே நிறுத்தறது அன்னைக்கே இருந்துச்சு.

திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம் கூட இல்ல. ஒரு காலையில நான் பல் தேச்சுகினு நிக்கறேன், சலசலன்னு மணிச் சத்தம். கெடா துலுக்குது. அத்தை கூடய அப்படியே போட்டுட்டு ரெண்டு கையயும் தூக்கிச்சு. "வந்துட்டா! எங்காத்தா வந்துட்டா! கல்யாணத்துக்கு வந்துட்டா!" எங்கக்கா மூஞ்சியில ரத்தமே இல்ல.

அன்னைக்கு அம்மா வேலைக்குப் போகல. அத்தை பூ விக்கப் போனதும் கோணிய எரிச்சுச்சு. கயித்த எரிச்சுச்சு. முளையப் புடுங்கி எரிச்சுச்சு. சுண்ணாம்பக் கரச்சு எங்க சுவரு, கதவு நெல, அப்புறம் தெருவுல எங்கெங்க வெள்ள மயிரு ஒட்டியிருந்துச்சோ அங்கெல்லாம் கெடா ஒயரத்துக்கு அடிச்சுச்சு. என்னாடி இதுன்னு கேட்டவங்களுக்கு, "திருவிழா வருதில்ல, தெரு பளிச்சுனு இருக்க வேணாமா?" அக்காவும் நானும் திரும்ப வகிடு. காது மடிப்பு, தொட இடுக்கு, வாலுக்கு அடியில, ஒரு எடம் வுடல. எங் கையெல்லாம் செவந்து போச்சு. ஸ்கூலுக்குப் போகல, அதுக்கும் அடி வாங்குனேன். வாங்குனா என்னா?

திருவிழா அன்னைக்குக் காலையில அம்மா கெடாவுக்கு வேப்பெண்ணய அள்ளி அள்ளிப் பூசிச்சு. "பண்டிக நாள்ல எண்ண தேச்சுக்கறது நல்லது"ன்னுச்சு. யாருக்கு நல்லதுன்னு சொல்லல.

கோயிலு முன்னால தெருவே நிக்குது. பாதிப் பேரு ஆத்தாளுக்கு, மீதிப் பேரு கறிக்கு. அத்தை மவன் புதுச் சட்டயில. அக்கா அம்மா பின்னால, அம்மா முந்தானயப் புடிச்சுகினு. பூசாரி கெடா கழுத்துல மாலயப் போட்டு, "தாயே, இந்தக் கல்யாணத்துக்கு உத்தரவு குடு"ன்னு மஞ்சத்தண்ணிய ஊத்துனாரு.

தண்ணி உருண்டுச்சு. எண்ண மேல முத்து முத்தா உருண்டு, வயித்து வழியா சொட்டிச்சு. கெடா நின்னுது. கழுத்தத் திருப்பி மாலயில இருந்த செவ்வந்திய ஒண்ணொண்ணா தின்னுச்சு.

"இன்னொரு வாட்டி ஊத்துங்க!"ன்னுச்சு அத்தை. ஊத்துனாரு. செவ்வந்தி முடிஞ்சு, கெடா மாலயில இருந்த வேப்பிலைக்கு வந்துடுச்சு.

"காது ஆடிச்சு! நான் பாத்தேன்!"

"காது கணக்குல வராதும்மா. ஒடம்பு துலுக்கணும்"னாரு பூசாரி.

பின்னால இருந்து ஒருத்தன், "அண்டாவுல மசாலா அரச்சு வெச்சாச்சுப்பா, சீக்கிரம் துலுக்கச் சொல்லு!"ன்னான். ஜனம் சிரிச்சுச்சு. அத்தைக்குக் கோவம் ஏறிடுச்சு. சொம்பப் புடுங்கி, "காதுல ஊத்துங்க, காதுல ஊத்துனா துலுக்கும்!"னு கெடா தலயப் புடிச்சுச்சு.

நான் எப்ப முன்னால போனேன்னு எனக்கே தெரியாது. "காதுல ஊத்துனா நான் கூடத்தான் துலுக்குவேன்! அப்ப என்னயும் வெட்டிடுவீங்களா?"

 மொதல்ல பூசாரியே சிரிச்சுட்டாரு. ஜனம் பூரா சிரிச்சுச்சு. அத்தை என்ன அறஞ்சுச்சு, கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சுது. அப்பத்தான் அப்பா வந்தாரு. சொம்ப அத்தை கையில இருந்து வாங்கிக் கீழ வெச்சாரு. "வுடுக்கா. ஆத்தா வேணாம்னுட்டா."

நல்ல வேள, ஆட்டுக்குப் பின்னாலயாவது அவருக்கு வாய் வந்துச்சு.

அக்கா பரிச்ச எழுதிச்சு. கணக்குல போச்சு. திரும்ப எழுதிச்சு, பாஸு. கார்மென்ட்ஸுல சூப்பரவைசரா இருந்து, தானாப் பாத்து ஒருத்தரக் கட்டிகினு, இப்ப ஓசூர்ல இருக்குது. போன் போட்டா அதுக்குக் காது கேக்காது, ஆனா பேசறத நிறுத்தாது.

கெடாவா? அடுத்த வருசம் தண்ணி ஊத்துனாங்க, தானா துலுக்கிச்சு. சாப்ட்டோம். என்னாடி அப்படிப் பாக்கறீங்க? கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஆத்தாளுக்கு நேந்துவுட்டது கெடாவத்தான், எங்கக்காவ இல்ல.

திருவிழா முடிஞ்ச மறுநாதான் வேடிக்க. கொழாயடியில பொம்பளைங்க எல்லாம் கொடத்த வெச்சுட்டு எங்கம்மாவச் சுத்திகினாங்க. கறி போச்சுங்கற கோவம் ஒரு பக்கம். அத்தை வேற வூடு வூடாப் போயி, கெடாவுக்கு என்னமோ மருந்து வெச்சுட்டாங்கன்னு சொல்லியிருந்துச்சு. பக்கத்து வூட்டம்மா, "நெஜமாடி? அப்ப எம் மவனுக்கு வேல கெடைக்கும்னு சொன்னது? அதெல்லாம் பொய்யா?"ன்னு கேட்டாங்க. எங்கம்மா கொடத்தக் கழுவிகினே இருந்துச்சு. நான்தான் கொழாய் மேடையில ஏறி நின்னேன், வீங்குன கன்னத்தோட.

"ஆமாம், மருந்துதான் போட்டோம்"னேன். "கெடாவுக்குச் சொறி, அதனால துலுக்கிச்சு. மருந்து போட்டோம், நின்னுடுச்சு. எங்கக்காவக் கட்டிக் குடுக்கலாமான்னா எங்கக்காவக் கேளுங்க, வாய் இருக்குது, சொல்லும். உங்க மவனுக்கு வேல வேணும்னா அவன எழுப்பி வுடுங்க, இன்னும் தூங்கறான். இல்ல, எங்க மேலதான் கோவம்னா வூட்டுக்கு வாங்க, பாட்டில்ல மருந்து மிச்சம் இருக்குது. யாருக்கு அரிக்குதோ சொல்லுங்க, வகிடு எடுத்துப் பூசி அனுப்பறோம்."